கூரையும் தையலும்

வீடு கட்டியவனுக்கு ஒரு கவலை. வண்டி வாங்கியவனுக்கு இன்னொரு கவலை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதை என் ஸ்நேகிதர் ஒருவர் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

செங்கல்பட்டுக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சிறு வயதிலிருந்து 'அண்ணா' என்றே அழைத்துப் பழக்கம். ரெயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தார். ஊராரையெல்லாம் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் டிக்கெட் கொடுத்து அனுப்பியவர், தம் மனைவியை மட்டும் எங்கும் அழைத்துப் போகவில்லை. "ரிடையர் ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரிடையர் ஆன மறு வருஷம் அண்ணிக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. லாட்ஜில் தங்கலாம் என்றால் மாடிப்படி ஏற முடியாது. கீழே அறை கிடைத்தாலும் குளியலறை உதவாது. அப்போதுதான் அண்ணாவுக்கு அந்த யோசனை தோன்றியது. படியேற முடியாதவளுக்கு வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிவிட்டால் என்ன?

காரவான் என்றால் நம் பக்கத்தில் சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங் நடுவே போய் உட்காரும் வண்டி என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். அண்ணா செய்வித்தது அதற்குத் தம்பி முறை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. பதினாறு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, அண்ணிக்கு ஏற்ற குளியலறை; கூரையில் காற்றுக்கு ஒரு திறப்பு. பிராவிடண்ட் பண்டில் பெரும் பங்கு அதில் போயிற்று. பட்டறையிலிருந்து வந்த அன்று அது வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. தெருவே கூடி நின்று பார்த்தது.

முதல் பிரயாணம் மாமல்லபுரத்துக்கு. திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர்தான். நானும் கூடப் போனேன். கடற்கரையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். நான் லாட்ஜுக்குப் போய்விட்டேன். நவம்பர் மாசம், நடு இரவில் மழை பிடித்துக்கொண்டது.

காலையில் போனேன். அண்ணா பேச்சில்லாமல் மெத்தையைப் பிழிந்துகொண்டிருந்தார். கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியிருக்கிறது. ஒரு பக்கமாகப் படுத்த அண்ணியால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. இரண்டு மணியிலிருந்து விடியும்வரை சொட்டுச் சொட்டாகத் தோளில் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"ஏன் அண்ணி, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

"ரெண்டு வருஷமா ராத்திரியிலே நாலு தடவை எழுந்திருக்கிற மனுஷர். நேத்துத்தான் அசந்து தூங்கினார். எழுப்ப மனசு வரல்லே" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நன்னாத்தான் இருக்கு. மழைதான் சரியில்லே" என்றாள்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் அண்ணாவின் கண் கலங்கியது.

பட்டறைக்குப் போன் செய்தோம். "புது வண்டி ஸார், ஒழுகாது. ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க" என்று பதில் வந்தது. புதிது என்பதே ஒழுகாததற்கு அத்தாட்சி என்று அவர்கள் நினைத்தார்கள். சொல்லப்போனால் நாங்களும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டையை வைத்து, வரிசையாகத் திருகாணி முடுக்கி, மேலே சிலிக்கோன் பசையைத் தடவியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகான வெள்ளைக் கோடு. நகத்தால் நெம்பினால் நாடா மாதிரி உரிந்து வந்தது. அடியில் இருந்த தூசியைத் துடைக்காமலே தடவியிருக்கிறார்கள். பசை தூசியைப் பிடித்துக்கொண்டதே தவிரத் தகட்டைப் பிடிக்கவில்லை. பட்டைக்குக் கீழே வைக்க வேண்டிய பிசின் நாடா பாதி தூரத்தில் நின்றுபோயிருந்தது. இரண்டு திருகாணிகள் தகட்டில் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றின. இத்தனைக்கும் ஓட்டை இருந்த இடம் வண்டியின் முன் மூலை. நீர் சட்டத்தின் வழியாக ஓடி, ஐந்தடி தள்ளிக் கட்டிலின்மேல் சொட்டியிருக்கிறது.

மனம் சரியில்லாமல் பஞ்ச ரதங்கள் பக்கம் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. திரௌபதி ரதத்தின் கூரை, கீற்றுக் குடிசையின் கூரையைக் கல்லிலே செதுக்கியது. தண்ணீர் அதன் வளைவில் வழுக்கி இறங்கியது. பல்லவர் காலத்து வேலை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலாக மழையைப் பார்த்துவிட்டது. அதற்கு இணைப்பே கிடையாது. ஒரே பாறையில் குடைந்தது. ஒழுகுவதற்கு இடமே வைக்கவில்லை. ஆனால் பெயர்தான் ரதம்; ஒரு அடி நகர்ந்ததில்லை. நகர்கிற வீட்டுக்கு இந்தச் சௌகரியம் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வழி காட்டியவர் மீனவர் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் ஒரு பெரியவர். வண்டியைச் சுற்றி வந்து, ஒரு கையால் அதை ஆட்டிப் பார்த்தார்.

"இதை வீடுன்னு நெனச்சுப் பூசியிருக்காங்க ஐயா. இது படகு" என்றார். "ரோட்டுல போனா நெளியும். நெளியற இடத்துல வெறைப்பாப் பூசினா விட்டுப் போகும். எங்க பாட்டன் காலத்து மசூலாவுல ஆணியே கிடையாது. கயிறு போட்டுத் தச்சதுதான். அலை அடிச்சா பலகை கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். அதனாலதான் ஒடையல."

அவர் சொன்னது சரித்திரம். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தவை, தென்னை நார்க் கயிற்றால் தைத்த இந்த மசூலாப் படகுகளே. தையல் நனையும், இழுபடும், தளரும், மறுபடி தைப்பார்கள். இறுகப் பிடிக்கவும் வேண்டும், கொஞ்சம் விட்டுக் கொடுக்கவும் வேண்டும். அதுதான் நல்ல தையல்.

கூரை நெளிய ரோடுகூட வேண்டாம், வெயிலே போதும். ஐந்து மீட்டர் அலுமினியத் தகடு நாற்பது டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீளும். மழை பெய்து குளிர்ந்தால் திரும்பச் சுருங்கும். செங்கல்பட்டு வெயிலில் தினமும் நடக்கிற கூத்து இது. காய்ந்து விறைக்கும் பசையும், தூசிமேல் தடவிய பசையும் எத்தனை நாள் தாங்கும்?

பெரியவர் பழைய சிலிக்கோனை மிச்சமில்லாமல் சுரண்டினார். அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மேலே வைக்கிற எதுவும் பிடிக்காதாம். தகட்டைத் துடைத்துக் காயவைத்து, புதுப் பிசின் நாடாவை ஒரே ஓட்டமாக வைத்து, துருப்பிடிக்காத திருகாணி முடுக்கி, ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் பசையை விளிம்பிலும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வைத்தார். இரண்டு நாள் வேலை.

ஒழுகுமா என்று பார்க்க அடுத்த மழைவரை காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளின் உள்ளே காற்றை அழுத்தி, வெளியே சோப்பு நீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று சோதிப்பார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்க்கிற அதே வித்தை. ஜன்னல்களை மூடி, ப்ளோயரால் உள்ளே காற்றடித்து, சோப்பு நீரைத் தடவினோம். காற்றுத் திறப்பின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் நாலைந்து கிளம்பின. பெரியவர் அங்கேயும் பசை வைத்தார். பட்டறையில் அரை மணி செலவழித்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது.

இப்போது ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்தால் அண்ணா ஏணியைச் சாத்தி மேலே ஏறிவிடுகிறார். பட்டையின் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்க்கிறார். போன தடவை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது: "அந்த முன் மூலையை நன்னாப் பாருங்கோ. ஒழுகினால் இனிமே எழுப்பிடுவேன், சொல்லிட்டேன்!"

"எழுப்பு, எழுப்பு" என்றார் அண்ணா மேலேயிருந்து.