காது கொடுத்த நாய்க்குட்டி

மடித்தல் என்னும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவி மடிப்பதும், வாழையிலையை மடித்து ஈர்க்குக் குத்தித் தொன்னை செய்வதும், மளிகைக் கடைக்காரர் பழந்தாளில் பொட்டலம் கட்டுவதும், புடைவைக்குக் கொசுவம் எடுப்பதும் நாம் அன்றாடம் கண்ட மடிப்புகளே. மழைக்காலத்து வாசல் நீரில் கத்திக் கப்பல் விடாத பிள்ளைப் பருவம் நம்முள் யாருக்கேனும் உண்டோ? ஆயினும் இவற்றை ஒரு கலையாக நாம் எண்ணிப் பார்த்தோமில்லை. தாள் மடிப்பைத் தனிக்கலையாகப் பேணி வளர்த்தவருள் தலையாயவர் ஜப்பானியர். 'ஓரி' என்பது மடித்தலையும், 'காமி' என்பது தாளையும் குறிக்கும். இரண்டும் கூடி 'ஓரிகாமி' ஆயிற்று. கத்தரியும் பசையும் இன்றி ஒரு சதுரத் தாளினின்று கொக்கும் தவளையும் நாயும் பிறப்பதே இக்கலையின் விந்தை.

தில்லி மாநகரில் மூன்றாம் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் எமக்கு இக்கலை அறிமுகமானது எம் பேத்தியின் பொருட்டே. எட்டு வயதினளாகிய அவளுக்கு நாய்க்குட்டி ஒன்று வளர்க்க வேண்டுமென்று தீராத ஆசை. தாயும் தந்தையும் காலையில் அலுவலகம் சென்றால் இருட்டிய பின்னரே திரும்புவர். வாயில்லாச் சீவனைப் பகலெல்லாம் அறைக்குள் அடைத்து வைப்பது தகாது என்று அவர்கள் மறுத்துவிட்டனர். அழுத கண்ணைத் துடைக்க, "தாளில் ஒரு நாய் செய்வோம், வா" என்று அழைத்தோம்.

அழைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. எம் இல்லாள் உயிரோடிருந்தவரை குழந்தை அவளிடம் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பெற்றுக்கொள்வாள். பாட்டி மறைந்த பின் வீட்டில் தமிழ் மெல்ல மெல்லத் தேய்ந்தது. யாம் தமிழில் வினவினால் இந்தியில் விடை வரும். கடிந்துகொண்டால் விடையே வாராது. அரிச்சுவடியை எடுத்தாலோ அவளுக்கு உறக்கம் வந்துவிடும். ஒரு தலைமுறைக்குள் ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்ணெதிரே காண்பது எளிய துயரன்று. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பலரும் இதனை அறிவர்.

நண்பர் ஒருவர் கொணர்ந்து தந்த ஜப்பானிய நூலொன்று எம்மிடம் இருந்தது. அதில் ஓரெழுத்தும் எமக்குப் புரியாது. ஆயினும் நூல் முழுவதும் புரிந்தது! சிறுகோடுகளால் ஆன வரை பள்ள மடிப்பைக் காட்டும். கோடும் புள்ளியும் கலந்த வரை மலை மடிப்பைக் காட்டும். அம்புக்குறி மடிக்கும் திசையைக் காட்டும். இக்குறியீட்டு முறைக்கு அடிகோலியவர் அக்கிரா யோஷிசாவா என்னும் பெருங்கலைஞர். 1911-இல் பிறந்த அவர் இளமையில் தொழிற்சாலையில் உழைத்தவர்; அங்கே இளந்தொழிலாளர்க்கு வடிவ கணிதத்தைத் தாள் மடித்தே கற்பித்தவர். பின்னர் வேலையைத் துறந்து வறுமையிலும் இக்கலையையே பற்றி நின்றார். 1952-இல் ஓர் இதழுக்காக அவர் மடித்தளித்த பன்னிரு ஆண்டு விலங்குகளே அவரை நாடறியச் செய்தன. அப்பன்னிரண்டனுள் நாயும் ஒன்று. 1954-இல் வெளிவந்த நூலில் தம் குறியீடுகளை அவர் வகுத்துத் தந்தார். 2005-இல் தம் பிறந்த நாளன்றே மறைந்தார்.

யாம் தொடங்கியது எளிய நாய்முகம். சதுரத்தை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தால் முக்கோணம். அதனை மீண்டும் இரண்டாக மடித்துப் பிரித்தால் நடுவே ஒரு தடம். நீண்ட விளிம்பு மேலே இருக்குமாறு வைத்து, இருபுற முனைகளையும் சாய்வாகக் கீழ்நோக்கி மடித்தால் செவிகள். கீழ்முனையின் மேற்படலத்தைச் சற்றே மேல்நோக்கி மடித்தால் மூக்கு. கண்ணிரண்டும் எழுதிவிட்டால் நாய் நம்மை நோக்கும்.

"மடி", "திருப்பு", "அழுத்து", "பிரி" என யாம் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் செய்தன. பொருள் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை; தாள் விளக்கிற்று. முனை, விளிம்பு, சாய்வு, தடம் என்னும் சொற்களை அவள் கேளாமலே கற்றாள். முடிவில் பார்த்தால் ஒரு செவி மற்றதைவிட நீண்டு தொங்கியது. "பிரித்து மறுபடி மடிப்போமா?" என்றோம். அவள் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம் தாத்தா, அது காது குடுத்துக் கேக்குது!"

சொல்லைக் காது கொடுத்துக் கேள் என்பது அவள் பாட்டி நாளும் வழங்கிய தொடர். அது குழந்தையின் நெஞ்சில் எங்கோ மடிந்து கிடந்திருக்கிறது. யாம் சிறிது நேரம் பேசவில்லை.

தாளைக் கொண்டு கற்பித்தல் அயல்நாட்டாருக்கு மட்டுமே உரியதென்று எண்ணிவிடலாகாது. 1893-இல் சென்னையில் டி. சுந்தரராவ் என்பார் தாள் மடிப்பின் வழியே வடிவ கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். மழலைப் பள்ளிகளின் தாள் மடிப்புப் பயிற்சியே அதற்குத் தூண்டுகோல் என்று அவரே முன்னுரையில் கூறியுள்ளார். சதுரத்தில் தொடங்கி ஐங்கோணம் முதலியவற்றைக் கடந்து கூம்பு வளைவுகள் வரை அந்நூல் செல்கிறது. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைச் சுட்டிக் காட்டவே, 1901-இல் அது சிகாகோவில் மறுபதிப்புப் பெற்றது. சென்னை நூலொன்றின் அருமையை நமக்கு முன்னரே பிறர் உணர்ந்தனர்!

'மடி' என்னும் சொல்லுக்குத்தான் தமிழில் எத்தனை பொருள்! குழந்தை அமர்வதும் மடி. பசு பால் சுரப்பதும் மடி. வள்ளுவர் ஓர் அதிகாரம் அமைத்து விலக்கச் சொன்ன சோம்பலும் மடி. உயிர் நீங்குதலும் மடிதலே. மொழி மடியாதிருக்க வேண்டுமாயின் அதைப் பிள்ளைகளின் கைக்கும் வேலை தந்து ஊட்ட வேண்டும். கோலம் போடுகையிலும் மாவு பிசைகையிலும் பூத்தொடுக்கையிலும் நம் முன்னோர் செய்தது அதுவே. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்கள் கரும்பலகையோடு ஒரு கட்டுச் சதுரத் தாளையும் வைத்துக்கொள்ளலாம். செலவு சில ரூபாய்களே. அடுத்துக் கொக்கு மடிக்க வேண்டுமென்று எம் வீட்டில் ஆணை பிறந்திருக்கிறது, அதுவும் தமிழிலேயே.