ஜோடியாக வந்தால்தான் பரிசு

ஏப்ரல் 12, சனி

மே லீவுக்கு ஏற்காடு போகலாம் என்று வீட்டில் பேச்சு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் தாண்டினால் மலை. ஒரு ரிசார்ட்டுக்குப் போன் போட்டேன். அறை காலியா, வாடகை எவ்வளவு என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண்ணோ, "மேடம், உங்க ஏஜ் என்ன? ஹஸ்பண்ட் எங்க ஒர்க் பண்றார்? கிரெடிட் கார்டு இருக்கா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அறை எடுக்க இதெல்லாம் எதற்கு என்றதும் லைனை மெம்பர்ஷிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே பேசியவர், நாளை பெங்களூரில் ஒரு ஓட்டலுக்குத் தம்பதியாக வந்தால் இரண்டு இரவு தங்கல் இலவசம் என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வேறு வேறு செல் நம்பர்களிலிருந்து அதே அழைப்பு.

விளம்பர அழைப்புகளுக்கென்றே 140 என்று தொடங்கும் எண் வரிசையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒதுக்கியிருக்கிறது. சாதாரண செல் நம்பரிலிருந்து விற்க வருவது விதிமீறல். 1909க்குப் புகார் அனுப்பிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கிருஷ்ணகிரியிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். "எனக்கும் வருது அண்ணி. அந்தக் கடையில கூப்பன் எழுதிப் போட்டேன்ல, அதுக்கப்புறம்தான்" என்றாள். குலுக்கல் கூப்பன். பெயர், செல் நம்பர், திருமணம் ஆனவரா, மாத வருமானம் எவ்வளவு, கார் உண்டா. பரிசுக்கு இவ்வளவு விவரம் தேவையே இல்லை. எந்தக் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சலித்தெடுக்கத்தான் அது. நாமே நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டால், அழைக்கச் சம்மதம் தந்தீர்கள் என்று நாளைக்கு அவர்கள் சொல்லவும் முடியும்.

எங்கள் பக்கத்தை ஏன் குறிவைக்கிறார்கள் என்று புரியாமல் இல்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிப்காட் கம்பெனிகள் என்று மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. சம்பளச் சீட்டு இருக்கிறது, வங்கிகள் கார்டு கொடுத்திருக்கின்றன, வருடத்தில் சில நாள்தான் லீவு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு.

ஏப்ரல் 19, சனி

எங்கள் கம்பெனி டூல் ரூமில் இருக்கும் ஒரு தம்பி இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கவுண்ட்ஸுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். முகமே சரியில்லை. "அக்கா, கையெழுத்துப் போட்டுட்டோம். திரும்ப வாங்க முடியுமா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். முந்தின ஞாயிறு, பெங்களூரில் ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல். பரிசை வாங்கிக்கொண்டு அரை மணியில் கிளம்பலாம் என்று போனவர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். ஹாலில் சத்தமாகப் பாட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லோரும் கைதட்டுவார்கள். இவர்கள் மேஜைக்கு வந்தவர் முதலில் கன்னடத்தில் பேசியிருக்கிறார். இவர்கள் பேச்சைக் கேட்டதும், "நானும் தர்மபுரிப் பக்கம்தான் அண்ணா" என்று தமிழுக்கு வந்துவிட்டார். குழந்தைக்குக் கலர் பென்சில், இவர்களுக்கு ஜூஸ். மறுத்தபோதெல்லாம் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கடைசியாக மேனேஜர். அவர் இவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, "உங்களை வெளியூர் கூட்டிட்டுப் போறதுக்கு இவ்வளவு யோசிக்கிறாரே மேடம்" என்றாராம். ஏன் ஜோடியாகத்தான் வர வேண்டும் என்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவர வழியே இல்லாமல் செய்கிறார்கள். கட்டியவள் எதிரே ஒருவனைக் கூசவைத்துக் காசு பறிப்பது கேவலமான வேலை.

அதைவிட என்னை உலுக்கியது ஒரு வெள்ளைத்தாள். மெம்பர்ஷிப் விலையை அதில் பேனாவால் எழுதி, அடித்து, குறைத்து எழுதி, "இன்னைக்கு மட்டும்தான்" என்று கோடு போட்டிருக்கிறார்கள். மே மாதம் ஊட்டியில் கட்டாயம் அறை உண்டு, வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாம் என்று சொன்னதையும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். கார்டைத் தேய்த்து எழுபத்தைந்தாயிரம் எடுத்த பிறகு, அந்தத் தாளை மட்டும் மேனேஜர் மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். தம்பியின் கையில் இருப்பது பொடி எழுத்தில் அச்சடித்த ஆங்கில ஒப்பந்தம். வாய்மொழியாகச் சொன்ன எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதில் ஒரு வரி. கட்டிய பணம் திரும்பாது என்று இன்னொரு வரி.

ஏப்ரல் 22, செவ்வாய்

தம்பியின் ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டோம். மொத்தம் 4 லட்சம், 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு. போனாலும் போகாவிட்டாலும் வருடப் பராமரிப்புக் கட்டணம் 15,000, அதுவும் ஏறிக்கொண்டே போகும். அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடத்துக்கு 28,000 வரும். அதோடு இந்த 15,000ஐச் சேர்த்தால் 43,000. ஓர் இரவுக்கு ஆறாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு நாமே நல்ல அறை எடுக்கலாம், அசலும் கையில் நிற்கும். தம்பி கால்குலேட்டரை வாங்கி, திரும்ப ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார்.

வருடத்தில் சில இரவு தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்கும் இந்த டைம்ஷேர் புதிய வியாபாரம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் 1963இல் தொடங்கியது. நம் பக்கத்தில் ஸ்டெர்லிங் 1986இல் வந்தது, மஹிந்திரா ஹாலிடேஸ் 1996இல் வந்தது. பல மாதம் முன்பே திட்டமிட்டு, சீசன் இல்லாத நாட்களிலும் லீவு எடுக்க முடிந்த குடும்பங்களுக்கு இது பயன்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி லீவிலும் ஆயுத பூஜையிலும் மட்டும் ஊர் பார்க்கிற சிப்காட் தொழிலாளிக்கு இது ஒத்துவராது. அவர் கேட்கிற நாளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அறை இரவுகள் என்ற பெயரில் முதலீடு திரட்டிய கதையும் உண்டு. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் சுமார் 51 லட்சம் பேரிடம் 7,035 கோடி ரூபாய் வாங்கியிருந்தது. அதைத் திருப்பித் தரும்படி 2016 பிப்ரவரியில் செபி உத்தரவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தம்பியும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையெழுத்து பெங்களூரில், கம்பெனியும் அங்கே, ஒப்பந்தப்படி வழக்கும் அங்கேதான். எல்லை தாண்டி அலைய லீவு ஏது என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயம் வேண்டியதில்லை. 1986ஆம் வருடச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ கொடுக்கலாம் என்கிறது. ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தகராறை நடுவர் மூலம்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது.

முதலில் ரத்துக் கடிதம் எழுதினோம். அன்று என்னென்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், தாளை யார் எடுத்துக்கொண்டார், எல்லாம் தேதியோடு. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போகும். கார்டு கொடுத்த வங்கிக்கு ஒரு பிரதி. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று.

மே 4, ஞாயிறு

பணம் திரும்பாது என்று கம்பெனியிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. தம்பி கிருஷ்ணகிரி ஆணையத்துக்குப் புகார் தயார் செய்கிறார். கூட நான் இருக்கிறேன்.

இணையத்தில் "இன்னும் ஒரு அறைதான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவதைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட 13 தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆயுள், மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால், படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. 2008ஆம் வருட உத்தரவு அது. ஆனால் 25 வருடத்துக்குக் கட்டிப்போடும் இந்த ஒப்பந்தத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டமே இல்லை. பாலிசிக்குக் கொடுத்த அதே 30 நாளை இதற்கும் கொடுங்கள், அதுவரை ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். நுகர்வோர் நலத் துறைக்கு இதைத்தான் இன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இப்படி ஏமாந்தவர்கள் சிப்காட்டில் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களும் எழுத வேண்டும்.