நடு இருக்கையின் விலை

ஒரு திரைச்சீலை, ஒரு காலி இருக்கை, ஒரு பீங்கான் தட்டு. ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுகிய தூர விமானங்களில் பிசினஸ் வகுப்பு என்பது இவ்வளவுதான். ஆனாலும் அதற்கு ஆள் இருக்கிறது.

பிராங்பர்ட் விமான நிலையத்தில் இந்தியப் பயணிகள் நிறையக் கண்ணில் படுவது காலை நேரத்தில். டில்லி, மும்பை, சென்னை என்று பல ஊர்களிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த பெரிய விமானங்கள் தரையிறங்கியிருக்கும். அவற்றின் முன்பகுதியில் வந்தவர்களை எளிதில் அடையாளம் காணலாம். கட்டிலாக நீளும் இருக்கையில் நன்றாகத் தூங்கி எழுந்த முகங்கள். பாஸ்போர்ட் சோதனை முடிந்ததும் ஹாம்பர்குக்கோ வியன்னாவுக்கோ வார்சாவுக்கோ போகும் அடுத்த விமானத்தைத் தேடி நடக்கிறார்கள். கையிலுள்ள போர்டிங் பாஸில் இப்போதும் 'பிசினஸ்' என்றுதான் இருக்கிறது. ஆனால் முதல் முறை வருபவர்களின் முகம் விமானத்துக்குள் நுழைந்ததும் மாறிவிடுகிறது. கட்டிலும் இல்லை, அகலமான நாற்காலியும் இல்லை. வாசலிலிருந்து வால் வரை ஒரே மாதிரி இருக்கைகள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

யாரும் ஏமாற்றவில்லை. ஐரோப்பாவுக்குள் பிசினஸ் வகுப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். லுப்தான்சா, ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., பிரிட்டிஷ் ஏர்வேஸ், சுவிஸ், ஐபீரியா என்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே ஏற்பாட்டைத்தான் செய்திருக்கின்றன. முன்வரிசைகளில் மூன்று இருக்கைகளின் நடுவில் உள்ளதை யாருக்கும் விற்பதில்லை. சில விமானங்களில் அதன் மேல் ஒரு சிறிய மேசை முளைத்திருக்கும். காலை நீட்ட இடம்? ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 30 அங்குலம். பின்னால் இருப்பவருக்கும் அதேதான்.

இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலை. அதை வரிசைக்கு வரிசை நகர்த்தலாம். காலையில் கம்பெனி அதிகாரிகள் அதிகம் என்றால் திரை பத்தாவது வரிசைக்குப் போகும். மதியம் ஆள் குறைந்தால் மூன்றாவது வரிசைக்கு வந்து நிற்கும். காலையில் பிசினஸாக இருந்த இருக்கை மதியம் எகானமி ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1981-ல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்த யான் கார்ல்சன், ஐரோப்பியத் தடங்களில் முதல் வகுப்பை எடுத்துவிட்டு 'யூரோகிளாஸ்' என்ற புதிய வகுப்பைக் கொண்டுவந்தார். சலுகைக் கட்டணத்தில் போகும் சுற்றுலாப் பயணிக்கும் முழுக் கட்டணம் கொடுக்கும் வியாபாரிக்கும் ஒரே மரியாதை என்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. போட்டி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அந்த நாட்களில் கொஞ்சம் தாராளம் இருந்தது. நடு இருக்கையைச் சுருக்கி, பக்கத்து இருக்கைகளைச் சில அங்குலம் அகலப்படுத்தும் பொறிமுறை பல விமானங்களில் இருந்தது.

அந்தத் தாராளத்துக்கு முடிவு கட்டியது போட்டி. ஐரோப்பிய சமூகத்துக்குள் எந்த உறுப்பு நாட்டு நிறுவனமும் தன் விருப்பப்படி தடமும் கட்டணமும் நிர்ணயிக்கலாம் என்ற தாராளமயம் 1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1995 நவம்பரில் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து ஈசிஜெட் பறக்கத் தொடங்கியது. அயர்லாந்தின் ரயன்ஏர் ஏற்கனவே கட்டணங்களைத் தரைமட்டத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தது. பழைய நிறுவனங்களுக்கு ஒவ்வொரு அங்குலமும் காசானது. அங்குலங்களைக் கூட்டிய பொறிமுறை மெல்ல மறைந்தது. காலி இருக்கை மட்டும் மிஞ்சியது.

நிறுவனங்களின் கணக்கு எளிது. திங்கட்கிழமை காலை வங்கி அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஜூரிக் போகும் அதே விமானம், சனிக்கிழமை குழந்தை குட்டிகளோடு மயோர்க்கா தீவுக்குப் போகும். முன்னால் பெரிய நாற்காலிகளை நிரந்தரமாகப் பொருத்தினால் சனிக்கிழமை அவை காலியாகப் பறக்கும். திரைச்சீலைக்கு அந்தக் கவலை இல்லை. வரிசைக்கு ஆறு பேருக்குப் பதில் நான்கு பேர். விட்டுக்கொடுத்த இரண்டு இருக்கைகளின் விலையை அந்த நால்வரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இந்தியப் பயணிக்கு இது புதிராக இருப்பதில் வியப்பில்லை. ஏர் இந்தியாவின் சிறிய ஏர்பஸ் விமானங்கள் பலவற்றில் முன்னால் எட்டு அகலமான இருக்கைகள் உண்டு. சிக்கனத்துக்குப் பெயர் போன இண்டிகோகூட 2024 நவம்பரில் டில்லி - மும்பை தடத்தில் பன்னிரண்டு பெரிய இருக்கைகளோடு தன் பிசினஸ் வகுப்பைத் தொடங்கியது. பக்கத்துக்கு இரண்டே இருக்கை என்பது இங்கே சாதாரணம். ஐரோப்பாவின் விளிம்பில் துருக்கி ஏர்லைன்ஸின் பல சிறிய விமானங்களிலும் அப்படித்தான். லண்டன் - மாட்ரிட், லண்டன் - ஹெல்சிங்கி போன்ற தடங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் கடல் தாண்டும் பெரிய விமானமே வந்து நிற்பதுண்டு. அப்போது இரண்டரை மணி நேரத்துக்குக் கட்டில் கிடைக்கும்.

மற்றபடி பணத்துக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பகுதி தரையிலேயே கிடைத்துவிடுகிறது. சோதனைக்குத் தனி வரிசை, சூடான காப்பியும் சாய்ந்துகொள்ள சோபாவும் உள்ள ஓய்வுக்கூடம், பல நிறுவனங்களில் தலா 32 கிலோவில் இரண்டு பெட்டிகள். முதலில் ஏறும் உரிமையும் உண்டு. ஆனால் விமானம் தொலைவில் நிற்கிறதென்றால் எல்லோருக்கும் ஒரே பஸ்தான். முதலில் ஏறியவர் பஸ்ஸின் உட்புறம் போய் மாட்டிக்கொள்வார். கடைசியில் ஏறியவர் முதலில் இறங்குவார்.

ஆகாயத்தில் கிடைப்பது உணவு. பீங்கான் தட்டு, உலோகக் கரண்டி, கண்ணாடிக் கோப்பை. பிராங்பர்ட் - மியூனிக் போன்ற ஒரு மணி நேரப் பயணத்தில் பணியாளர்கள் இதையெல்லாம் ஓட்டமாக ஓடித்தான் கொடுத்து முடிக்கிறார்கள். சைவ உணவுக்காரர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் அழகான தட்டில் குளிர்ந்த மீன் வந்து நிற்கலாம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்னால் அதிகம் எதையும் கூட்டாமலே பின்னால் குறைத்து வித்தியாசத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் குறுகிய தூர எகானமியில் இலவச உணவை நிறுத்தி, காசுக்கு விற்க ஆரம்பித்தது 2017 ஜனவரியில். லுப்தான்சா 2021-ல் அதே வழிக்கு வந்தது. மலிவுக் கட்டணத்தில் பெட்டிக்கும் தனிக் காசு. முன்பு எல்லோருக்கும் கிடைத்த பலவும் இன்று திரைக்கு முன்னால் இருப்பவரின் சலுகைகள்.

முழங்காலுக்குத் தெரியாத வித்தியாசம் சட்டத்துக்கு நன்றாகத் தெரிகிறது. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானங்களுக்குப் பயணி வரி உண்டு. அடிமட்ட வகுப்புக்கு ஒரு விகிதம். அதற்கு மேலே எந்த வகுப்பானாலும் ஏறத்தாழ இரு மடங்கு. இருக்கை ஒன்றேயானாலும் வரி வேறு. பயணிக்குச் சாதகமான சட்டமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் இயற்றிய 261-ஆம் எண் விதிமுறையின்படி, பிசினஸ் டிக்கெட் வாங்கியவரை எகானமியில் உட்கார வைத்தால் நிறுவனம் பணம் திருப்பித் தர வேண்டும். 1,500 கிலோ மீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம். ஒன்றியத்துக்குள் அதைவிட நீண்ட பயணம் என்றால் 50 சதவீதம். திரை ஒரு வரிசை முன்னால் நகர்ந்து, நீங்கள் அதற்குப் பின்னால் அகப்பட்டால் அந்தப் பணம் உங்களுடையது. கேட்டு வாங்க வேண்டும்.

குறுகிய தடங்களில் உண்மையான போட்டி இப்போது தண்டவாளத்தில். 1994-ல் ஓடத் தொடங்கிய யூரோஸ்டார், 2007 முதல் லண்டனையும் பாரிசையும் இரண்டே கால் மணி நேரத்தில் இணைக்கிறது. பிராங்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே அதிவேக ரயில் நிற்கிறது. கொலோன் நகருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தத் தடத்தில் லுப்தான்சா விமானம் விடுவதையே நிறுத்திவிட்டது. பிரான்ஸ் 2023-ல் இன்னும் ஒரு படி போய், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே தடை செய்தது. ரயிலின் முதல் வகுப்பில் இருக்கை நிஜமாகவே அகலம்.

அப்படியானால் யார் வாங்குகிறார்கள்? கடைசி நிமிடத்தில் தேதி மாற்ற வேண்டியிருக்கும் அதிகாரிகள். அவர்களுக்குக் காசு கொடுப்பது கம்பெனி. கண்டம் தாண்டி வரும் இணைப்புப் பயணிகள். இந்தியாவிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுக்கும்போது ஐரோப்பியத் துண்டும் அதிலேயே அடங்கிவிடுகிறது. அவர்கள் இருக்கையைப் பார்த்துப் பெருமூச்சு விடலாமே தவிர வருத்தப்பட வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்குபவர்கள். குறிப்பாக, வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகள். முழங்கால் வலியோடு வரும் அம்மா பெரிய விமான நிலையத்தில் எப்படி நடப்பார் என்ற பயத்திலேயே பலர் பிசினஸ் டிக்கெட் எடுக்கிறார்கள். சக்கர நாற்காலியும் துணைக்கு ஆளும் எந்த வகுப்புக்கும் இலவசம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி. 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் தெரிவித்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் அம்மா இன்னொரு முறை வந்து போகலாம்.

ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன், லண்டனிலிருந்து ஏதென்ஸ் என்று நான்கைந்து மணி நேரம் போகிறவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாதது பெரிய நிம்மதிதான். ஒரு மணி நேரப் பயணத்தில் கதை வேறு. விமானம் எழும்போதும் இறங்கும்போதும் திரையைத் திறந்து கட்டிவைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு ஏற்பாடு. அதனால் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திரை மூடியிருக்கும் நேரம், தட்டு வந்து தட்டு போகும் நேரம் மட்டுமே.