கட்டடமா, கட்டிலா?

"பட்டயம் பெற்றாய், பதிவும் பெற்றாய், ஒன்பது ஆண்டுகளாகப் பணியும் புரிகிறாய், இனிப் பட்டம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பகைவர்களல்லர், என் உற்றார்! ஆண்பிள்ளை மேலே படிக்கிறேன் என்றால் விருந்து வைக்கும் இதே உற்றார், முப்பதைக் கடந்த செவிலி படிக்கிறேன் என்றதும் முகம் சுளிக்கின்றனர்.

ஊசி போட எனக்குத் தெரியும். இந்த மருந்து ஏன், இந்த அளவு ஏன் என்பதை அடிமுதல் அறிய விரும்புகிறேன். நாளை பிறருக்குக் கற்பிக்கவும் விரும்புகிறேன். பட்டயம் பெற்றவர்கள் ஈராண்டு முழுநேரம் பயின்று இளநிலைப் பட்டத்தை நிறைவு செய்யலாம். 'போஸ்ட் பேசிக்' என்று எங்கள் வட்டாரத்தில் வழங்கும் படிப்பு அதுதான். ஈராண்டும் ஊதியம் இராது. ஆறு வயது மகளைப் பிரிந்து விடுதியில் தங்கவேண்டும். எனவே, எந்தக் கல்லூரி என்பது எனக்குச் சிறு கேள்வியன்று.

முதலில் கண்டது பளிங்குப் படிகள், பளபளக்கும் பேருந்துகள், நிறுவனரின் ஆளுயரப் படம்! "மருத்துவமனை எங்கே?" என்றேன். 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒன்றோடு ஒப்பந்தம் இருக்கிறதாம். ஒப்பந்தத்தாளிலா நோயாளி படுத்திருப்பார்?

அடுத்து, வேறொரு கல்லூரியின் தரகர் வீடு தேடியே வந்தார். "வேலையை விடவேண்டாம் அம்மா. வருகைப் பதிவேட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேர்வன்று வாருங்கள், போதும்!" என்றார். என்னே கனிவு! ஊதியமும் நிற்காது, பட்டமும் வரும். அத்தையின் முகம் மலர்ந்தது. அவரைக் குறை கூறேன், குடும்பத்தின் கணக்கு அவருக்குத்தானே தெரியும். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறுபவர் என் சான்றிதழையா நம்பிப் படுத்திருக்கிறார்? என் கையை நம்பி, கண்ணை நம்பிப் படுத்திருக்கிறார். போகாத வகுப்பில், பார்க்காத நோயாளியிடம் பயின்றதாகப் பொய் எழுதி வாங்கிய பட்டத்தோடு நான் ஆசிரியையுமாகி, என்னிடம் பயின்றவர்கள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஊசியும் கையுமாக நிற்பதை எண்ணிப் பார்த்தேன். நெஞ்சு நடுங்கிற்று! தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். பணியை விட இயலாதவர்களுக்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுத் திட்டமொன்றை வகுத்ததே! நேர்வழி இல்லாததாலா இந்தக் குறுக்குவழி?

செவிலியர் கல்வி பளிங்கு மண்டபத்தில் பிறந்ததன்று. 1860ஆம் ஆண்டு இலண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் பள்ளியைத் தொடங்கிய இடம் புனித தாமசு மருத்துவமனை. இந்தியாவில் 1946இல் வேலூரிலே பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றபோதும், கல்லூரி நின்றது ஐடா ஸ்கடர் உருவாக்கிய மருத்துவமனையின் நிழலில்தான். கல்லூரியைத் தேடுபவள் முதலில் கட்டிலைத் தேடவேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தியச் செவிலியர் மன்றத்தின் ஏற்பு, மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, மாநில மன்றத்தில் பட்டத்தைப் பதிவு செய்ய இயலுமா என்பது ஆகியவற்றை வீட்டிலிருந்தே சரிபார்த்துவிடலாம். கட்டில்களை எண்ண நேரில் போகத்தான் வேண்டும். மூன்றாவதாகச் சென்ற கல்லூரியில், காலை ஏழு மணிக்கே, நோயாளியைப் பார்க்க வந்தவளைப்போல் பொது மருத்துவப் பிரிவில் நுழைந்தேன். 32 கட்டில்கள், 29 நோயாளிகள், ஒன்பது மாணவியர். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது மன்றம் வகுத்த அளவு, ஏறத்தாழப் பொருந்திற்று! இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம், "நேற்று யாரைக் கவனித்தாய்?" என்று கேட்டேன். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒரு முதியவரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். முதல்வரிடம் கேட்டிருந்தால் தேர்ச்சி விழுக்காடுதான் கிடைத்திருக்கும்!

அலுவலகத்தில் ஒன்று மட்டும் கேட்டேன்: "அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்வீர்களா?" கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்தலாகாது என 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபின்னும், இடையில் விலக நேர்ந்தவர்கள் அவற்றுக்காக அலைந்த கதைகளை அறிவேன். சரிபார்த்ததும் திருப்பித் தருவதாக எழுதியே கொடுத்தார்கள்.

அங்கே பளிங்கு இல்லை. நூலகம் சிறிது. விடுதியில் அறைக்கு ஆறு பேர். முதலாண்டுக் கட்டணத்திற்கு வளையல்கள் அடகுக்குப் போயின. மகளை அத்தை பார்த்துக்கொள்வதாக ஏற்றிருக்கிறார். ஞாயிறுதோறும் நான் வந்தாகவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.