அந்த எக்செல் ஷீட்டை நான் திறக்கவே இல்லை

கூட வேலை பார்த்த ஒரு டெஸ்டர் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடித்ததாகக் காட்டிப் பெயர் வாங்கினேன். அதற்கு முன்னால், அவர் எழுதி அனுப்பியதைப் படிக்காமலேயே படித்துவிட்டேன் என்று அவரிடம் பொய்யும் சொன்னேன். பொய்யைச் சொல்லாமல் திருட்டை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் வெளியே வரும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டை நாங்கள் புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பெயர்ப் பட்டியல் முழுவதும் பழைய எழுத்துருவில் இருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991லேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், நம் அலுவலகங்களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு என்ற நிலை நெடுநாள் நீடித்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றதே 2010இல்தான். அந்தப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்து சேமிக்கப்படும். ‘கோ’ என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். யூனிகோடிலோ க முதலில், அதன் பின்னால் ஓகாரக் குறி. பழையதைப் புதியதாக மாற்றும் நிரலை எழுதியவன் நான். கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்தேன். துணைக்காலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். திரையில் ‘கோமதி’ என்று அழகாகத் தெரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரங்களில் அந்த டெஸ்டர் ஒரு டிக்கெட், அதாவது பிழைப் புகார், போட்டார். பெயரை அடித்துத் தேடினால் சில உறுப்பினர்கள் கிடைப்பதில்லை. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தால் அதே பெயர் இருக்கிறது. நான் புதிதாக ஓர் உறுப்பினரை என் மெஷினில் சேர்த்துத் தேடினேன், வந்தது. ‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். புதிதாக அடித்த பெயர் எப்படித் தேடினாலும் வரத்தான் செய்யும். சிக்கல் பழைய பெயர்களில் இருந்தது. அவர் டிக்கெட்டில் அதையும் எழுதியிருந்தார். நான் தலைப்பை மட்டும் படித்தேன்.

அவர் மறுபடி திறந்தார். இந்த முறை ஓர் எக்செல் ஷீட் இணைத்திருந்தார். நான் மறுபடி மூடினேன். ஒரு நாள் என் இடத்துக்கே வந்து நின்று, “அண்ணா, அந்த லிஸ்ட் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பாத்துட்டேம்மா. டேட்டா பிரச்சினை. நம்ம கோட்ல ஒண்ணும் இல்ல” என்றேன்.

நான் பார்க்கவில்லை. அந்தக் கோப்பை டவுன்லோடுகூடச் செய்யவில்லை.

எனக்கு வேலை அதிகமாக இருந்தது உண்மைதான். காலையில் ஸ்டாண்டப், அதில் நேற்று என்ன செய்தாய் என்ற கேள்வி, நடுவில் எவரோ பில்டை உடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ஓர் ஆங்கில ‘என்’ எழுத்தைப் போட மறந்ததால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக விழுந்திருக்கும், அதைத் தேடுவதிலேயே மதியம் போய்விடும். எல்லா டெவலப்பருக்கும் உள்ள பாடு இது. ஆனால் நான் அந்த ஷீட்டைத் திறக்காததற்கு அது காரணம் இல்லை. எழுதுகிறவன் நான், சரிபார்க்கிறவர் அவர், அதனால் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட முடியாது என்று நினைத்தேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருந்ததில்லை. எங்கள் தளத்தில் டெவலப்மென்ட் ஆட்கள் பலரும் அப்படித்தான் நடந்துகொண்டோம். டெஸ்டிங்கிலிருந்து மெயில் வந்தால் முகம் சுளிப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பிறகு சங்கத்திலிருந்தே புகார் வந்தது. வயதான ஓர் அம்மாவின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரே இல்லை என்று கவுன்டரில் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் சிலரைப் புது உறுப்பினர் என்று நினைத்து இரண்டாவது முறை பதிந்துவிட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அன்று மாலைதான் அந்த ஷீட்டைத் திறந்தேன்.

இரண்டு பத்திகள். இடப்பக்கம் கிடைக்காத பெயர்கள்: கோமதி, பொன்னம்மாள், சொக்கலிங்கம், லோகநாதன், கௌரி. வலப்பக்கம் கிடைக்கிற பெயர்கள்: கமலா, முருகன், வேலு, செல்வி. இரண்டு பக்கமும் கீழே நீண்டுகொண்டே போயின. அடியில் ஒரு குறிப்பு: ‘ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்கள் மட்டும் கிடைக்கவில்லை. கொம்பு மட்டும் வந்தாலோ கால் மட்டும் வந்தாலோ பிரச்சினை இல்லை. இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில்தான் சிக்கல்.’

அவருக்கு என் நிரலைப் பார்க்க அனுமதி கிடையாது. யூனிகோடு குறியீடுகள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, கிடைத்ததையும் கிடைக்காததையும் எதிரெதிரே அடுக்கி, இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லாமலே நாடி பிடித்துச் சொல்லும் வைத்தியர் மாதிரி.

அதற்குப் பிறகு எனக்கு மிச்சமிருந்தது சின்ன வேலை. பழைய பட்டியலிலிருந்து ஒரு கோமதியையும் நானே அடித்த ஒரு கோமதியையும் எடுத்து, இரண்டின் நீளத்தையும் லாகில் அச்சிட்டேன். ஒன்று 6, இன்னொன்று 5. கண்ணுக்கு ஒரே பெயர், மெஷினுக்கு வேறு வேறு பெயர். புதியதில் ஓகாரம் 0பிசிபி என்ற ஒரே குறியீடு. பழையதில் இரட்டைக்கொம்பு 0பிசி7, துணைக்கால் 0பிபிஇ என்று இரண்டு. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. இப்படி எழுதப்பட்டதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழியும் அதில் உண்டு. ஜாவாவில் அதற்கு ‘நார்மலைசர்’ என்ற வகுப்பு தயாராக இருக்கிறது. தேடும் சொல்லையும் சேமித்த பெயரையும் அதன் வழியாக அனுப்பினால் போதும். சில வரிகள்.

அந்த 6ஐயும் 5ஐயும் அடுத்தடுத்துப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாத சந்தோஷம் அது. நாள் முழுக்க நம்மைக் கேலி செய்துகொண்டிருந்த ஒன்று சட்டென்று பிடிபடும். இந்த வேலையில் ஆட்கள் இத்தனை வருடம் நிலைப்பதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் அன்று அந்தச் சந்தோஷத்துக்கு உரியவர் நான் இல்லை. விடை அந்தக் குறிப்பிலேயே இருந்தது. அதை உறுதிப்படுத்திய வேலைதான் என்னுடையது.

மறுநாள் கிளையண்ட்டோடு கான்ஃபரன்ஸ் கால். மேலாளர் என்னைப் பேசச் சொன்னார். ‘நான் ஆராய்ந்து பார்த்தபோது’ என்று ஆரம்பித்தேன். ஒகரம், ஓகாரம், கொம்பு, கால் என்று அந்த டெஸ்டரின் குறிப்பில் இருந்த சொற்களையே எடுத்து விளக்கினேன். பாராட்டினார்கள். அவரும் அந்தக் காலில் இருந்தார், மைக் மியூட்டில். ஒரு சொல் பேசவில்லை. ரிலீஸ் மெயிலிலும் அப்படியே எழுதினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மெயிலை எழுதும்போது அவர் பெயர் நினைவுக்கு வந்தது. சேர்த்தால், அவர் எப்போதோ சொன்னதை நான் மூடிவிட்டேன் என்பதும் வெளியே வரும். அதனால் சேர்க்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. என் மெயில் போன மறுநாளே அவர் டிக்கெட்டை மீண்டும் திறந்தார். கோமதியும் பொன்னம்மாளும் வருகிறார்கள், கௌரியும் சௌந்தரமும் இன்னும் வரவில்லை என்று ஒரே ஒரு வரி. குத்தலோ குறையோ அதில் இல்லை.

பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகரமும் ஒரே வடிவம், ஒரே குறியீடு. என் நிரல் அதை ள என்றே மாற்றியிருந்தது. அதனால் கௌரி என்பது கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாகச் சேமிப்பாகியிருந்தது. யூனிகோடின் சமன் விதி இதைத் தொடாது. அதன் கணக்கில் அது வேறு சொல். எகரக் கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக்கு என்று கண்மூடித்தனமாக விதி எழுதினால் ‘தெளிவு’ கெட்டுப்போகும், ‘கெளுத்தி’ கெட்டுப்போகும். ளகரம் உயிர்க்குறி இல்லாமல் நிற்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெயரையும் தமிழ் தெரிந்த ஓர் ஆள் பார்த்துத்தான் தீர வேண்டும். பிரித்தெடுக்கும் நிரலை நான் எழுதினேன். உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்து, இது கௌரி, இது ஊர்ப் பெயர், இது அடித்தவரின் பிழை என்று குறித்துக்கொடுத்தவர் அவர். அந்த வேலை எந்த மெயிலிலும் வரவில்லை.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டில்பூச்சியை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்களே, அந்தக் கதை, பிழையை ‘பக்’, அதாவது பூச்சி, என்று சொல்லும் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிவேடு இன்று அமெரிக்காவில் ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் கண்டுபிடித்தார் என்றே பலரும் சொல்கிறோம். பூச்சியைக் கண்டெடுத்தவர்கள் அந்தக் கணினியை இயக்கிக்கொண்டிருந்தவர்கள். ஹாப்பர் அந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கண்டெடுத்தது தான் அல்ல என்பதை அவர் மறைத்ததில்லை. அப்படி இருந்தும் பெயர் அவரிடமே போய் ஒட்டிக்கொண்டது. அந்த நேர்மைகூட என்னிடம் இல்லை. எனக்கு வந்த பெயர் தானாக ஒட்டியதல்ல, நான் எடுத்து ஒட்டிக்கொண்டது.

அந்த ஆண்டு அப்ரைசலில் ‘சிக்கலான தமிழ்த் தேடல் பிரச்சினையைத் தீர்த்தார்’ என்று என் கணக்கில் ஒரு வரி ஏறியது. நான் எழுதிக்கொடுத்த வரிதான். அவருடைய கணக்கில் என்ன ஏறியது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். எங்கள் நிறுவனத்தில் டெஸ்டர் போட்ட டிக்கெட்டுகளில் எத்தனை ரிஜெக்ட் ஆயின என்று ஒரு கணக்கு உண்டு. ‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று நான் மூடியதெல்லாம் அதில் அவருக்கு எதிராக விழுந்திருக்கும். நான் பெயர் வாங்கியது மட்டுமில்லை, அவருக்குக் கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தச் சொல்லி மேலாளரிடம் ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினோம். நானும் கை தட்டினேன்.

லினக்ஸ் கெர்னலில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பிழையைத் திருத்தியவர் கமிட் குறிப்பின் அடியில் ‘ரிப்போர்ட்டட் பை’ என்று போட்டு, அந்தப் பிழையை முதலில் சொன்னவர் பெயரை எழுதுவார். ‘கிட் பிளேம்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று தெரிந்துவிடும். தவறு இங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டியவர் யார் என்பதை, நாம் எழுதி வைத்தால் ஒழிய, எந்தக் கட்டளையும் சொல்லாது. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த வரியைச் சேர்க்கிறேன். அதனால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை. அந்தப் பழைய நிறுவனத்தின் கோப்புகள் இன்று என் கைக்கு எட்டாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதையும் அதோடு சேர்த்து அனுப்புகிறேன். பதில் எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அப்ரைசல் கூட்டத்தில் உட்காரும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவர் எத்தனை டிக்கெட்டை மூடினார் என்று பார்க்கும்போது, அவற்றைத் திறந்தவர் யார் என்றும் பாருங்கள். ‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று மூடப்பட்டு, பின்னால் திருத்தப்பட்ட டிக்கெட்டுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அவற்றில் ரிஜெக்ட் என்று விழுந்த குறியை அடித்துவிட்டு, அந்த டெஸ்டரைக் கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள்.