கம்பளி நகரில் எட்டு நாட்கள்



பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியோடு வாழும் தாய்மார் நம்மில் எத்தனையோ பேர். உங்களில் யாருக்காவது இங்கிலாந்தின் வடபகுதிக்கு ஒரு குறுகிய பிரயாணம் வாய்த்தால் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். லண்டனைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது யோர்க்ஷயரிலுள்ள பிரட்போர்ட் நகரைப் பற்றி. ஒரு காலத்தில் உலகத்தின் கம்பளித் துணிக்குத் தலைநகர் என்று பேரெடுத்த ஊர் அது.

என் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டு ஐந்து வருடங்களாகின்றன. இங்கே பட்டம் பெற்றவள். அங்கே ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறாள் என்ற செய்தி மருதமுனைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து என் காதில் விழாத பேச்சில்லை. "பட்டம் படிச்ச புள்ள கோப்பை கழுவுதாம்" என்று ஒரு கலியாண வீட்டில் என் முதுகுக்குப் பின்னாலேயே சொன்னார்கள். மகளைக் கேட்டால், "நான் நல்லாத்தான் இரிக்கன் உம்மா" என்பாள். வீடியோவில் முகம் தெரியும். முகம் மட்டும்தான் தெரியும். எந்த வீதியால் நடந்து போகிறாள், வழியில் யாருக்கு ஸலாம் சொல்கிறாள், வேலை விட்டு வரும்போது என்ன முகத்தோடு வருகிறாள் என்பதெல்லாம் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வராது. அதைப் பார்க்கத்தான் புறப்பட்டேன்.

எனக்குக் கிடைத்தது பத்து நாட்கள். வீட்டில் உம்மா படுத்த படுக்கை. ராத்தா அவ்வளவு நாளுக்குத்தான் பொறுப்பேற்க முடிந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் மீதி எட்டு. இதைக் கேள்விப்பட்டதும் மச்சான் ஒரு பட்டியல் எழுதித் தந்தார். லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம், மன்செஸ்டர் உதைபந்தாட்ட மைதானம், ஸ்கொட்லாந்து மலை, இன்னும் என்னென்னவோ. அத்தனையையும் பார்ப்பதென்றால் மகளை ரயில் பெட்டிக்குள்தான் பார்க்க வேண்டும். பட்டியலை மடித்துக் குர்ஆன் உறைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, நான் வேறொரு கணக்குப் போட்டேன்.

முதலில் மாதம். அங்கே ஜூன் பிற்பகுதியில் சூரியன் மறைய இரவு 9.40 மணியாகும், விடிவதோ அதிகாலை 4.35க்கு. மஃரிபுக்குக் காத்திருந்து, இஷாவும் தொழுதுவிட்டுப் படுத்தால், கண்மூடுவதற்குள் சுபஹ் வந்துவிடும். டிசம்பரில் நேர்மாறு. மாலை 3.45 மணிக்கே இருட்டு. லுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வரும். செப்டெம்பர் நடுப்பகுதியில் மஃரிப் ஏழரை மணியளவில். நம் உடம்பு தாங்கும். இன்னொன்று, பாடசாலைக் கோடை விடுமுறை செப்டெம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். "லீவு காலத்தில் வாங்க உம்மா, நானும் வீட்டில் இருப்பன்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். அவள் வேலைக்குப் போகும் நாட்கள்தான் எனக்குத் தேவை.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. வங்கிக் கணக்கு, வீட்டு உறுதி, திரும்பி வருவதற்கு இங்கே என்ன கட்டு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். நம் கிழக்கு மாகாணத்தாருக்கு அது ஓர் இரவு பஸ். இரண்டு மூன்று மாதம் முந்தியே தொடங்குங்கள். லண்டனில் இறங்கி வடக்கே வருவதைவிட, வளைகுடா வழியாக மன்செஸ்டரில் இறங்குவது நல்லது. விமான நிலையத்தோடு சேர்ந்தே ரயில் நிலையம் இருக்கிறது. வாகனம் வந்தால் மலைப்பாதையால் ஒரு மணி நேரம்.

பெட்டியைக் கட்டும்போது நம் கை நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் இறைச்சி, பால் சேர்ந்த எதையும் அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கட்டும் வேண்டாம். ஹலால் இறைச்சிக்கோ மிளகாய்த்தூளுக்கோ அந்த ஊரில் பஞ்சமில்லை. அந்த இடத்தை மழைக்கோட்டுக்கும் நல்ல சப்பாத்துக்கும் கொடுங்கள். நகரமே மேடும் பள்ளமும்; தூறலோ நினைத்த நேரம் வரும்.

ஹலாலுக்குப் பஞ்சமில்லை என்றேன். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பிரட்போர்ட் மாநகரப் பகுதியில் பத்தில் மூன்று பேர் முஸ்லிம்கள். பெரும்பாலோர் பாகிஸ்தானின் மீர்பூர் பக்கத்தார். 1960களில் அங்கே மங்களா அணை கட்டப்பட்டபோது ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊரும் நிலமும் இழந்தார்கள். பிரட்போர்ட் ஆலைகளுக்கோ அப்போது இரவு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மீர்பூர் ஆண்கள் பலர் வந்து அந்த இரவுகளை நிரப்பினார்கள். பெண்களும் பிள்ளைகளும் பிறகு வந்தார்கள். அந்நகரின் முதல் பள்ளிவாசல் 1959இல் ஹவார்ட் வீதியில் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. மகளின் பக்கத்து வீட்டு அம்மா அப்படி வந்த ஒரு குடும்பத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உருது தெரியாது. மதிலுக்கு மேலால் சமோசாவும் என் தொதலும் பரிமாறிக்கொண்டதில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இனி, நாட்களை நான் பிரித்த விதம். வாரநாட்களில் மகள் வேலை முடியும் வரை வெளியூர் ஒன்றும் வைக்கவில்லை. சனிக்கிழமை எல்லோரும் சோல்டெயர் போனோம். நகரத்திலிருந்து ரயிலில் கால்மணி நேரம். டைட்டஸ் சோல்ட் என்ற ஆலை முதலாளி 1853இல் ஒரு பிரமாண்டமான கம்பளி ஆலையைத் திறந்து, அதைச் சுற்றித் தன் தொழிலாளருக்கென்று ஓர் ஊரையே கட்டினார். வரிசை வரிசையாகக் கல்வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, குளிக்கவும் துணி துவைக்கவும் பொதுவிடங்கள். மதுக்கடைக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. வீதிகளுக்கு மனைவி, பிள்ளைகளின் பெயர்கள். 2001இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக்கியது. 1986இல் மூடப்பட்ட ஆலை இப்போது ஓவியங்களும் புத்தகங்களும் நிறைந்த இடம். உள்ளே போகக் கட்டணமில்லை. சோல்ட் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனாலும் வேலையும் வீடும் பிள்ளையின் பள்ளியும் ஒரே ஆளின் கையில் இருந்தால், அந்த வீட்டுப் பெண் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியுமா என்று யோசித்துக்கொண்டே அந்தத் தெருக்களில் நடந்தேன்.

ஞாயிறு, லிஸ்டர் பூங்கா. அங்கே 2001இல் திறக்கப்பட்ட முகலாயர் பாணி நீர்ப் பூங்கா ஒன்றிருக்கிறது. பேரன் வாய்க்காலோரம் ஓடி ஓடியே களைத்துப் போனான். பூங்காவுக்குள் உள்ள கலைக்கூடத்தின் பெயர் கார்ட்ரைட் மண்டபம், 1904இல் திறந்தது. இந்த கார்ட்ரைட் யார் தெரியுமா? விசைத்தறியைக் கண்டுபிடித்தவர். கைத்தறி ஊரில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் எதிராளி வீட்டு வாசலில் நிற்பது போலிருந்தது! மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர் சாமுவேல் லிஸ்டர். அவருடைய பட்டு, வெல்வெட் ஆலையின் 249 அடிப் புகைக்கூண்டு அருகிலேயே இன்னும் நிற்கிறது. 1890 டிசம்பரில் அந்த ஆலையில் சம்பளத்தைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்து, 1891 ஏப்ரலில் தோற்றுத் திரும்பினார்கள். அந்தத் தோல்வியின் சூட்டில்தான் சுதந்திரத் தொழிற்கட்சி 1893இல் இதே நகரில் பிறந்தது.

இரண்டு இடத்துக்கு மட்டுமே நேரமிருக்கிறது என்றால், சோல்டெயருக்கு அடுத்ததாகக் கைத்தொழில் நூதனசாலையைச் சொல்வேன். எக்கிள்ஸ்ஹில் பக்கம் ஒரு பழைய ஆலைக்குள் இருக்கிறது, இதுவும் இலவசம். இயந்திரங்களை இயக்கிக் காட்டும் நாளை முன்கூட்டியே கேட்டுப் போங்கள். எங்கள் மூத்தவாப்பா வீட்டுத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். 'டக் டக்' என்ற அந்தச் சத்தத்தில் பிள்ளை தூங்கும். இங்கே ஒரு தறியை ஓட்டியதும் நெஞ்சு அதிர்ந்தது. நூறு தறி ஓடும் கூடத்தில் பேச்சு எங்கே கேட்கப் போகிறது? அக்காலத்து ஆலைப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே கதைக்கப் பழகியிருந்தார்களாம். சின்னஞ்சிறு பிள்ளைகள் அரை நாள் ஆலையிலும் அரை நாள் பள்ளியிலுமாக இருந்தார்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது. அரை நாள் நின்று வேலை செய்த பிள்ளை பள்ளி மேசையில் தலை வைத்துத் தூங்காமல் வேறென்ன செய்யும்?

இப்போது மகளின் வேலைக்கு வருகிறேன். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று மார்கரெட் மக்மில்லன் என்ற பெண்மணி அந்நகரப் பள்ளிச் சபையில் இருந்துகொண்டு வாதாடியவர். 1907இல் கிரீன் லேன் பாடசாலையில் நகரசபையே சமையலறை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. பிள்ளைகளை நிறுத்தும் பார்த்தார்கள்: சாப்பாடு கிடைத்த வாரங்களில் எடை கூடியது, விடுமுறையில் குறைந்தது. அதே நகரசபைதான் 1983இல் பாடசாலைகளில் ஹலால் உணவு கொடுக்கத் தொடங்கியது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டு சபையிலேயே பெரிய விவாதம் நடந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் மகள்தான், வெங்காயம் அரிந்துகொண்டே. "உம்மா, நான் வேலை செய்யும் இடத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் சரித்திரம் இருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை காலை அவளோடு நடந்து போனேன். இருபது நிமிடம், கடைசி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. பாடசாலைக்குள் வெளியார் நுழைய முடியாது, கேட்டுக்கு வெளியே நின்றேன். பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரம். வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் பையிலிருக்க, மகள் அந்தக் கூட்டத்துக்குள்ளால் போனாள். ஐந்தாறு பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லி ஓடி வந்தார்கள். ஒருத்தி இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள் போலும். மகள் குனிந்து அவள் காதில் எதையோ சொன்னாள். அந்தப் பிள்ளை துள்ளிக் குதித்தது.

அவளுக்கு இன்னும் நல்ல வேலை கிடைக்கலாம். அவளும் அதற்கு விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கிடைக்க துஆச் செய்யுங்கள். குளிரில் கை வெடித்திருப்பதையும் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் பூசிவிட்டேன்.

புரொன்டே சகோதரிகள் வாழ்ந்த ஹவர்த் கிராமம் ஒரு மணி நேரத் தூரம்தான். கூட்டிப் போவதாக மருமகன் சொன்னார். அந்த நாளை நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். அன்று மழை. உடுப்புக் காயப்போட இடமில்லாமல் ஹீட்டர் மேலெல்லாம் பரப்பிவிட்டு, மகளும் நானும் ரொட்டி சுட்டோம். பேரன் என் மடியில் இருந்துகொண்டு தமிழில் பதினெட்டு வரை எண்ணினான். பத்தொன்பதில்தான் தடுக்குகிறது.