அப்பாயி தேடிய பெட்டி

பதுளைக்குக் கோச்சி வந்து சேர்ந்தது 1924இல். கொழும்பில் தொடங்கும் மலைநாட்டுப் பாதை எங்க ஊரோட முடியுது. தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு போகத்தான் இவ்வளவு தூரம் தண்டவாளம் போட்டாங்க. டூரிஸ்ட் கூட்டமெல்லாம் ரொம்பப் பிறகு.

போன லீவுக்குக் கண்டியில் சித்தி வீட்டில் தங்கி, குடும்பத்தோட கடுகண்ணாவை ரயில்வே மியூசியத்துக்குப் போனோம். இலங்கை ரயிலுக்கு 150 வயசானப்போ, 2014இல் திறந்தது. தம்பி பழைய இஞ்சின் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்தான். அப்பாயி மட்டும் ஒரு பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாங்க: "தலைமன்னாருக்குப் போன கோச்சியும் இப்படித்தானே இருந்துச்சு?"

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தோட்டத்துச் சனங்க கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினாங்க. ஸ்டேஷன்களில் எழுந்த அழுகையால் அதுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேர். அப்பாயியோட தங்கச்சியும் பதுளையில் ஏறினவங்க. கூட்டத்தில் எந்தப் பெட்டின்னுகூட அப்பாயிக்குத் தெரியல. கூடலூரிலிருந்து ரெண்டு கடிதம் வந்துச்சாம், அவ்வளவுதான்.

இஞ்சின் எந்த வருஷம், எந்தக் கம்பெனி என்பதைப் பலகையில் எழுதிவிடலாம். யார் ஏறினாங்க, யார் பிளாட்பாரத்தில் நின்னாங்கன்னு நம்ம வீட்டு ஆட்கள்தான் சொல்லணும். அன்றைக்கு ராத்திரி அப்பாயி சொன்ன பேர்களை ஒரு கொப்பியில் எழுத ஆரம்பிச்சேன். இதுவரை பதினேழு பேர். உங்க வீட்டிலும் கேட்டுப் பாருங்க.